கிரானி ஸ்மித் என்னும் பச்சை ஆப்பிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழக்கடையில் ‘கிரீன் ஆப்பிள்’ என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துத் தருவது கிரானி ஸ்மித் ரகம்தான். நம் ஊரில் இதை வாங்குபவர்களில் பாதிப் பேர் டாக்டரோ பக்கத்து வீட்டுக்காரரோ சொன்னார் என்று மருந்துபோல வாங்குகிறார்கள். மீதிப் பேர் ஒருமுறை கடித்துப் பார்த்துவிட்டு, புளிக்கிறது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டுமே இந்தப் பழத்துக்கு நியாயமில்லை. இது அடுப்படிக்கு மிக நல்ல ஆப்பிள். அந்தப் புளிப்புதான் அதன் பலம்.

கிரீன் ஆப்பிள் என்பது பழுக்காத ஆப்பிளா?

இல்லை. சிவப்பு ஆப்பிளைக் காயாகப் பறித்து விற்கிறார்கள் என்று நினைப்பவர்கள் நிறைய. கிரானி ஸ்மித் தனி ரகம். நன்றாக முற்றிய பிறகும் தோல் பச்சையாகவே இருக்கும். மரத்திலேயே இன்னும் விட்டால் பச்சை வெளுத்து லேசாக மஞ்சள் ஏறும், அவ்வளவுதான். சொல்லப்போனால் மற்ற பல ரகங்களைவிட அதிக நாள் மரத்தில் இருப்பது இதுதான். பூத்ததிலிருந்து பறிக்க ஏறத்தாழ 170 முதல் 180 நாள் ஆகும். காலா ரகம் அதற்கு ஒன்றரை இரண்டு மாதம் முன்பே பறிப்புக்கு வந்துவிடும்.

நிறத்தை வைத்துப் பதம் பார்க்க முடியாததால் தோட்டக்காரர்கள் வேறு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பழத்தைக் குறுக்கே வெட்டி, வெட்டிய முகத்தில் அயோடின் கரைசலைத் தடவுவார்கள். மாவுச்சத்து இருக்கும் இடமெல்லாம் கருநீலமாக மாறும். இளங்காயாக இருந்தால் முகம் முழுக்கக் கறுத்துவிடும். முற்ற முற்ற மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதால், நடுவில் விதை அறையைச் சுற்றி வெளுப்பு தொடங்கி வெளிப்பக்கமாகப் பரவும். எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் பறிப்புக்கு நாள் குறிப்பார்கள்.

கடையில் இது கிரானி ஸ்மித்தான் என்று எப்படி உறுதிசெய்வது?

தோல் முழுக்க ஒரே சீரான பச்சை, அதன் மேல் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். கையில் எடுத்தால் கல்போல இறுக்கமாக, அளவுக்குச் சற்றுக் கனமாக இருக்கும். ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் எண்ணைப் பாருங்கள். பெரிய பழத்துக்கு 4017, சிறியதற்கு 4139. முன்னால் 9 சேர்ந்து ஐந்து இலக்கமாக இருந்தால் இயற்கை முறையில் விளைந்தது என்று பொருள்.

மஞ்சள் கலந்த பச்சையில் வரும் கோல்டன் டெலிஷியஸ் வேறு. அது இனிப்பு ரகம், சதையும் மென்மை. அப்புறம், தள்ளுவண்டியில் ‘ஆப்பிள் பேர்’ என்று குவித்து விற்கும் சின்னப் பச்சைப் பழம் ஆப்பிளே இல்லை. அது பெரிய அளவு இலந்தை. உள்ளே ஒரே ஒரு கெட்டியான கொட்டை இருக்கும். பெயரைப் பார்த்து அதை வாங்கி ஊறுகாய் போட்டுவிட்டு, சரியாக வரவில்லை என்று சொல்பவர்கள் உண்டு.

ஒரு பக்கம் மட்டும் சிவந்திருக்கிறதே, வேறு ரகமா?

அதே ரகம்தான். குளிர்ந்த இரவும் நல்ல வெயிலும் சேர்ந்தால், வெயில் பட்ட கன்னத்தில் மட்டும் லேசான இளஞ்சிவப்பு படியும். சுவையில் கெடுதல் ஒன்றுமில்லை.

இந்த ரகம் எங்கே தோன்றியது?

ஆஸ்திரேலியாவில். சிட்னி நகரத்தின் வடமேற்கில் இன்று ஈஸ்ட்வுட் என்று அழைக்கப்படும் பகுதியில். பெயருக்குச் சொந்தக்காரர் மரியா ஆன் ஸ்மித். இங்கிலாந்தின் சசெக்ஸில் பீஸ்மார்ஷ் என்ற கிராமத்தில் 1799இல் பிறந்த விவசாயக் குடும்பத்துப் பெண். கணவர் தாமஸ், பிள்ளைகளோடு 1838இல் கப்பலேறி சிட்னிக்கு வந்தார். பல ஆண்டு ரைட் வட்டாரத்துத் தோட்டங்களில் பாடுபட்ட பிறகு, 1850களின் நடுவில் அந்தக் குடும்பம் 24 ஏக்கர் நிலம் வாங்கிப் பழத்தோட்டம் போட்டது.

ஆப்பிள் எப்படி முளைத்தது என்பதற்கு அச்சில் வந்த முதல் விவரம் 1924இல்தான் கிடைக்கிறது. ஹெர்பர்ட் ரம்சி என்பவர், மரியாவை நேரில் அறிந்த பழைய ஆட்களிடம் விசாரித்து ஒரு விவசாய இதழில் எழுதினார். அவர்களில் ஒருவர் சொன்னது இது: 1868இல், தான் சிறுவனாக இருந்தபோது, தன் தகப்பனாரையும் தன்னையும் மரியா அழைத்து, ஓடைக்கரையில் தானாக முளைத்துக் காய்த்திருந்த ஒரு செடியைக் காட்டினாராம். டாஸ்மேனியாவிலிருந்து வந்த ‘பிரெஞ்சு கிராப்’ என்ற ரக ஆப்பிள்களின் மிச்சத்தை அந்த இடத்தில் கொட்டியிருந்ததாகவும், அதிலிருந்துதான் முளைத்திருக்க வேண்டும் என்றும் மரியா சொன்னாராம். சமையலறை ஜன்னல் வழியாக வீசிய தோலும் விதையும் முளைத்தது என்று இன்னொரு கதையும் உலவுகிறது. ஓடைக்கரைக் கதைக்குத்தான் நேரில் பார்த்தவர் சாட்சி இருக்கிறது, நான் அதையே நம்புகிறேன்.

அந்தப் பழம் உலகம் சுற்றியதை மரியா பார்க்கவில்லை. 1870 மார்ச் மாதம் காலமானார். அவர் நிலத்தின் ஒரு பகுதியை வாங்கிய எட்வர்ட் கல்லார்ட் என்ற தோட்டக்காரரும் அக்கம்பக்கத்தவர்களும் அந்த மரத்தைப் பெருக்கிக் காப்பாற்றினார்கள். 1891இல் காசில் ஹில் விவசாயக் கண்காட்சியில் சமையல் ஆப்பிள் பிரிவில் இதற்குப் பரிசு கிடைத்தது. பிரிவைக் கவனியுங்கள்: முதலிலிருந்தே இதைச் சமையலுக்கான ஆப்பிளாகத்தான் பார்த்திருக்கிறார்கள். 1895இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு இதை ஏற்றுமதிக்கு ஏற்ற ரகங்களில் ஒன்றாகச் சேர்த்தது. குளிர்பதன வசதியுள்ள கப்பல்கள் வந்துவிட்ட காலம் அது. வாரக்கணக்கில் கடலில் போனாலும் வாடாத பழம் என்பதால் வேகமாகப் பரவியது. ஈஸ்ட்வுட்டில் 1985 முதல் இந்தப் பழத்தின் பெயரிலேயே அக்டோபர் மாதத்தில் விழா எடுக்கிறார்கள்.

1968இல் பீட்டில்ஸ் குழுவினர் தொடங்கிய ஆப்பிள் ரெகார்ட்ஸ் இசைத்தட்டுகளின் நடுவில் இருப்பதும் இந்த ஆப்பிள்தான். ஒரு பக்கம் முழுப்பழம், மறுபக்கம் வெட்டிய பாதி.

கடையில் வாங்கிய பழத்தின் விதையைப் போட்டால் கிரானி ஸ்மித் மரம் வருமா?

ஆப்பிள் மரம் வரும், கிரானி ஸ்மித் வராது. ஆப்பிள் விதையில் தாய் மரத்தின் குணம் பாதி, மகரந்தம் கொடுத்த மரத்தின் குணம் பாதி. ஒரே பழத்தின் ஐந்து விதையும் ஐந்து விதமான மரமாக வளரும். பெரும்பாலானவை வாயில் வைக்க முடியாத காய்தான் காய்க்கும். மரியாவின் ஓடைக்கரையில் அப்படி ஒரு நல்ல செடி விழுந்தது அரிய அதிர்ஷ்டம்.

அதனால்தான் ஒட்டுக்கட்டுகிறார்கள். நல்ல மரத்தின் குச்சியை வேறொரு வேர்ச்செடியில் ஒட்டினால், மேலே வளர்வது அச்சு அசலாக அதே மரம். சிலியிலும் நியூசிலாந்திலும் வாஷிங்டன் மாநிலத்திலும் பிரான்சிலும் நிற்கும் கிரானி ஸ்மித் மரங்கள் எல்லாம், ஒட்டுமேல் ஒட்டாக வந்த அந்த ஒற்றை மரத்தின் துண்டுகளே.

இதற்கு வாரிசும் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் லேடி வில்லியம்ஸ் ரகம் இதன் பிள்ளை என்று கருதப்படுகிறது. அந்த லேடி வில்லியம்ஸையும் கோல்டன் டெலிஷியஸையும் கலந்து உருவாக்கியதுதான், இப்போது பிங்க் லேடி என்ற பெயரில் விற்கும் கிரிப்ஸ் பிங்க்.

ஏன் இவ்வளவு புளிக்கிறது? சர்க்கரையே இல்லையா?

எல்லாரும் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது இங்கேதான், கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

புளிப்புக்குக் காரணம் மாலிக் அமிலம். எல்லா ஆப்பிளிலும் அது இருக்கிறது. ரெட் டெலிஷியஸ் போன்ற இனிப்பு ரகங்களைவிட கிரானி ஸ்மித்தில் இரண்டு மூன்று மடங்கு வரை இருக்கும். நாக்கு அந்த அமிலத்தை முதலில் பிடித்துக்கொள்வதால் இனிப்பு பின்னுக்குப் போய்விடுகிறது. இனிப்பு தெரியவில்லை என்பதற்காக அது இல்லாமல் போய்விடாது.

அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணையைப் பார்த்தால் 100 கிராம் கிரானி ஸ்மித்தில் சுமார் 9.6 கிராம் சர்க்கரை இருக்கிறது. ரெட் டெலிஷியஸில் சுமார் 10.5, காலாவில் 10.4, ஃபியூஜியில் 11.7. ஆகக் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் வித்தியாசம் ஒரு பழத்துக்கு ஒன்றிரண்டு கிராம், மிஞ்சிப்போனால் நான்கு கிராம்.

சக்தியைக் கணக்குப் பார்த்தாலும் இதே கதைதான். 100 கிராமுக்கு 58 கலோரி. மற்ற ஆப்பிள்களும் அதை ஒட்டியே வரும்.

அப்படியென்றால் சுகர் உள்ளவர்கள் கிரீன் ஆப்பிள்தான் சாப்பிட வேண்டும் என்பது?

தான் என்று சொல்ல அடிப்படை இல்லை. ஆப்பிள் பொதுவாகவே ரத்தச் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் பழம். நார்ச்சத்தும், கடித்து மென்று சாப்பிடுவதும் அதற்கு உதவுகின்றன. அந்த நன்மை சிம்லா ஆப்பிளிலும் இருக்கிறது. இரண்டு மடங்கு விலை கொடுத்து கிரீன் ஆப்பிள் வாங்க முடியவில்லையே என்று எந்தப் பெரியவரும் கவலைப்பட வேண்டாம்.

எந்த ஆப்பிள் என்பதைவிட எவ்வளவு, எப்படி என்பதுதான் முக்கியம். தோலோடு, முழுப்பழமாக, ஒருவேளைக்கு ஒரு சிறிய பழம் அல்லது பாதிப் பழம். ஜூஸ் வேண்டாம். புளிக்கிறது, அதனால் சுகர் ஏறாது என்ற தைரியத்தில் நாளுக்கு மூன்று பழம் சாப்பிடுவதுதான் ஆபத்து. உங்களுக்கான அளவை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்த்தால் உங்கள் உடம்புக்கு எப்படி என்பது நேரடியாகவே தெரிந்துவிடும்.

எடை குறையுமா?

சாப்பாட்டுக்கு நடுவே மிக்சர், பிஸ்கட் சாப்பிடும் நேரத்தில் ஒரு ஆப்பிள் சாப்பிட்டால் நிச்சயம் நல்லதுதான். கிரானி ஸ்மித்துக்கென்று தனியாகக் கொழுப்பைக் கரைக்கும் சக்தி எதுவும் கிடையாது. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், செரிக்காமல் குடல் வரை போகும் நார்ச்சத்தும் பாலிபீனால்கள் என்னும் தாவரச் சேர்மங்களும் இந்த ரகத்தில் மற்றவற்றைவிட அதிகம் என்றும், அவை பருமனான எலிகளின் குடல் பாக்டீரியாக்களில் நல்ல மாற்றம் கொண்டுவந்தன என்றும் சொன்னார்கள். அந்த ஆய்வு, எலிகளின் கழிவிலிருந்து எடுத்த பாக்டீரியாக்களை வைத்து ஆய்வகத்தில் செய்தது, மனிதர்களிடம் அல்ல. அதை வைத்துக்கொண்டு ‘உடல் எடை குறைய கிரீன் ஆப்பிள்’ என்று சத்தம் போடும் வீடியோக்களை நம்பாதீர்கள்.

வெறும் வயிற்றில் சாப்பிடலாமா? பல் கூசுகிறதே?

நெஞ்செரிச்சல், அல்சர் உள்ளவர்களுக்கு வெறும் வயிற்றில் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிட்டுப் பாருங்கள். பல் கூச்சம் இருந்தால் சாப்பிட்டதும் வாய் கொப்பளியுங்கள், உடனே பல் தேய்க்க வேண்டாம். அமிலம் பட்ட எனாமல் கொஞ்ச நேரம் இளகியிருக்கும், அப்போது பிரஷ் போட்டால் தேயும்.

தோலில் பளபளப்பாக மெழுகு பூசியிருக்கிறதே, தோலோடு சாப்பிடலாமா?

ஆப்பிள் தோலில் இயற்கையாகவே மெழுகு உண்டு. பறித்த பின் கழுவும்போது அதில் ஒரு பகுதி போய்விடுவதால், ஈரம் வற்றாமல் இருக்க உண்ணத்தக்க மெழுகை மிக மெல்லிதாகப் பூசுகிறார்கள். கார்னவுபா என்ற பனை இலை மெழுகு, ஷெல்லாக் என்ற அரக்கு, தேன்மெழுகு ஆகியவற்றைப் பழங்களின் மேல் பூச இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் அனுமதிக்கின்றன. கத்தியால் சுரண்டிப் பார்த்து, வெள்ளையாக வருகிறதே என்று பதற வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவித் துடைத்தால் போதும். நார்ச்சத்தும் பாலிபீனால்களும் தோலிலும் தோலை ஒட்டியும்தான் அதிகம், அதைச் சீவி எறிவது நஷ்டம்.

வருடம் முழுக்கக் கிடைக்கிறதே, எத்தனை மாதப் பழம் இது?

வட அரைக்கோளத்தில் அக்டோபர் வாக்கிலும், சிலி, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா போன்ற தென்பகுதி நாடுகளில் ஏப்ரல் வாக்கிலும் பறிப்பு. இரண்டு பக்கமிருந்தும் மாறி மாறி வருவதால் கடையில் தட்டுப்பாடே தெரிவதில்லை.

அதுபோக, இது நெடுநாள் தாங்கும் ரகம். காற்றுப் புகாத பெரிய குளிர் அறைகளில் வெப்பத்தை பூஜ்யத்தை ஒட்டி வைத்து, ஆக்சிஜனை ஒன்று இரண்டு சதவீதத்துக்குக் குறைத்துவிடுவார்கள். பழத்தின் மூச்சு மந்தமாகி, பல மாதம் அப்படியே இருக்கும். நீங்கள் வாங்கும் பழம் ஆறேழு மாதம் முன்பு பறித்ததாக இருக்கலாம், அதனால் அது கெட்டுப்போன பழம் ஆகிவிடாது.

கிரானி ஸ்மித்துக்கு ஒரு பலவீனம் இங்கே உண்டு. நெடுநாள் குளிரில் இருந்துவிட்டு வெளியே வந்ததும் தோலில் வெந்தாற்போல் பழுப்புத் திட்டுகள் தோன்றும். தோலில் உள்ள ஃபார்னசீன் என்ற பொருள் ஆக்சிஜனோடு சேர்ந்து சிதைவதால் வருவது. அறையில் ஆக்சிஜனைக் குறைப்பதற்கு இதைத் தடுப்பதும் ஒரு காரணம். அப்படித் திட்டு விழுந்த பழம் கிடைத்தால் தோலைச் சீவிவிட்டுச் சமையலுக்குப் பயன்படுத்தலாம், உள்ளே பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

வீட்டில் எப்படி வைப்பது?

ஃபிரிட்ஜில், துளையிட்ட கவரில் போட்டுக் கீழ்த்தட்டில். மூன்று நான்கு வாரம் மொறுமொறுப்புக் குறையாது. நம் ஊர் வெயிலில் வெளியே வைத்தால் ஒரு வாரத்தில் சதை மாவாகத் தொடங்கும். கீரை, கொத்தமல்லிக்கு அருகில் மட்டும் வைக்காதீர்கள். ஆப்பிள் விடும் எத்திலீன் வாயு கீரையை மஞ்சளாக்கிவிடும்.

வெட்டினால் கறுக்காமல் இருக்க என்ன செய்வது?

ஒரு கிண்ணம் தண்ணீரில் அரை ஸ்பூன் உப்பு கரைத்துத் துண்டுகளைப் பத்து நிமிடம் போட்டு எடுத்து, சாதாரணத் தண்ணீரில் ஒருமுறை அலசிவிடுங்கள். பள்ளிக்கூட டப்பாவுக்கு இதுதான் சிறந்தது. எலுமிச்சைச் சாறும் தடவலாம், ஆனால் ஏற்கெனவே புளிக்கும் பழத்தில் புளிப்பு இன்னும் ஏறும்.

சமையலில் இதற்கு என்ன தனிச்சிறப்பு?

வேகவைத்தாலும் வடிவம் குலையாது, சர்க்கரை சேர்த்தாலும் திகட்டாது. இந்த இரண்டும் ஒன்றாகக் கிடைப்பது அரிது. அமெரிக்காவில் ‘ஆப்பிள் பை’ என்ற, மாவுக்குள் பழத்தை வைத்துச் சுடும் பண்டத்தைச் செய்பவர்கள் இதையே தேடி வாங்குவது அதனால்தான். வெண்ணெய், சர்க்கரை, பட்டைத்தூள் சேர்த்து ஒரு மணி நேரம் ஓவனில் வெந்த பிறகும் துண்டு துண்டாகவே இருக்கும். வெட்டினால் கத்தி பதமாக இறங்கும். ரெட் டெலிஷியஸில் அதே பண்டத்தைச் செய்தால் சப்பென்று, பஞ்சு மாதிரி ஆகிவிடும்.

புளிப்புதான் வடிவத்தைக் காக்கிறது என்று சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தின் பிராம்லி ஆப்பிள் நல்ல புளிப்பு, ஆனால் சூடு பட்டதும் கரைந்து கூழாகிவிடும். அங்கே சாஸுக்கு அது. கிரானி ஸ்மித்தின் சதையே இறுக்கமானது, அதுதான் காரணம்.

பச்சையாகவே சாலட்டில் போடுவதற்கும் இதற்கு ஈடு இல்லை. வெள்ளரிக்காய், வறுத்த வேர்க்கடலை, பச்சைமிளகாய், கொத்தமல்லியோடு மெல்லிசாக அரிந்து உப்புப் போட்டால் வேறு எதுவும் ஊற்ற வேண்டியதில்லை.

மாங்காய்க்குப் பதிலாகப் பயன்படுத்தலாம் என்கிறார்களே?

தாராளமாக. மாங்காய் கிடைக்காத ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல ஆண்டுகளாகச் செய்துவருவதுதான் இது. சிட்னி, மெல்போர்ன் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு பொருத்தமும் உண்டு. சித்திரைப் புத்தாண்டு வரும் ஏப்ரலில் அங்கே மாம்பழக் காலம் முடிந்திருக்கும், கிரானி ஸ்மித்தோ அப்போதுதான் மரத்திலிருந்து புதிதாக வரும். வருடப்பிறப்புப் பச்சடிக்கு அதைவிட நல்ல பழம் அங்கே கிடைக்காது.

ஆனால் மாங்காய் மாதிரியே நினைத்துச் சமைத்தால் சரிப்பட்டு வராது. மூன்று வித்தியாசத்தை மனதில் வையுங்கள். ஆப்பிளில் தண்ணீர் அதிகம், உப்புப் பட்டதும் விட்டுக்கொள்ளும். புளிப்பு நல்ல மாங்காயைவிடக் குறைவு, அதனால் எலுமிச்சை கொஞ்சம் துணைக்கு வேண்டும். இனிப்பு அதிகம், அதனால் வெல்லத்தைக் குறைக்க வேண்டும்.

பச்சடிக்கு மாங்காய்க்குப் போடும் வெல்லத்தில் பாதி போட்டு ஆரம்பியுங்கள். துண்டுகள் கண்ணாடிபோல ஆனதும் வெல்லக் கரைசலை ஊற்றி, கடுகு, காய்ந்த மிளகாய் தாளித்து, நெய்யில் வறுத்த வேப்பம்பூவைக் கடைசியில் தூவினால் போதும். ஆப்பிளின் புளிப்பு மாங்காயைவிட மென்மை என்பதால் வேப்பம்பூவின் கசப்பு நன்றாக எடுத்துத் தெரியும்.

திடீர் ஊறுகாய் எப்படிப் போடுவது?

இரண்டு பழத்தைக் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் துடையுங்கள். தோலோடு பட்டாணியைவிடச் சற்றுப் பெரிய துண்டுகளாக நறுக்குங்கள். தோல் இல்லாவிட்டால் மறுநாளே தொளதொளத்துவிடும். நறுக்கியதும் ஒரு எலுமிச்சம்பழத்தின் சாற்றைப் பிழிந்து கலந்தால் கறுக்காது. அப்புறம் இரண்டு டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் மஞ்சள்தூள், ஒன்றரை டேபிள்ஸ்பூன் மிளகாய்த்தூள், வெறும் வாணலியில் சிவக்க வறுத்துப் பொடித்த வெந்தயம் கால் டீஸ்பூன்.

நான்கு டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெயைக் காயவைத்துக் கடுகு வெடிக்கவிட்டு, பெருங்காயத்தைப் போட்டு அடுப்பை அணைத்துவிடுங்கள். ஒரு நிமிடம் பொறுத்து எண்ணெயை ஆப்பிளின் மேல் ஊற்றிக் கிளறுங்கள். ஆப்பிளை வாணலியில் கொட்டி வதக்காதீர்கள். வதக்கினால் தண்ணீர் விட்டுக்கொண்டு மொறுமொறுப்பு போய்விடும். அரை மணி நேரத்தில் தயிர்சாதத்துக்குத் தயார். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும், அதற்கு மேல் வைக்க வேண்டாம். ஆவக்காய்போல வருடக்கணக்கில் வைக்கும் ஊறுகாய் இல்லை இது.

வேறு என்ன செய்யலாம்?

துருவித் தொக்கு கிளறலாம். தண்ணீர் சுண்ட மாங்காய்த் தொக்கைவிட நேரமாகும், அகலமான வாணலியாக எடுத்துக்கொள்ளுங்கள். மாங்காய் சாதம்போலவும் செய்யலாம். தாளிப்பில் பச்சைமிளகாய், கடலைப்பருப்பு, வேர்க்கடலை எல்லாம் ஆன பிறகு துருவலைப் போட்டு, ஒரே ஒரு நிமிடம் பிரட்டி, ஆறவைத்த உதிரிச் சாதத்தில் கலக்க வேண்டும். சாம்பாரில் மாங்காய்போலக் கடைசியில் நான்கு துண்டு போட்டால் நன்றாக இருக்கும். ரசம் வைப்பதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆப்பிளின் வாசனை மிளகு, சீரகத்தோடு ஒட்டுவதில்லை.

கொடைக்கானல், ஊட்டியில் வளர்க்க முடியுமா?

ஆப்பிள் மரம் குளிர்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்க வேண்டும். ஏழு டிகிரிக்குக் கீழே எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்பதுதான் கணக்கு. பல ரகங்களுக்கு 800 முதல் 1000 மணி நேரம் வேண்டும். கிரானி ஸ்மித் அதில் பாதியளவிலேயே சமாளிக்கும், அதனால் மிதமான குளிருள்ள நாடுகளிலும் பரவியது. ஆனாலும் நம் மலைகளில் அந்தப் பாதியும் வருடா வருடம் நிச்சயமாகக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆறு மாதம் மரத்தில் நிற்க வேண்டிய பழத்துக்கு நம் இரண்டு பருவமழையும் பூஞ்சண நோயைக் கொண்டுவரும். ஆசைக்கு ஒரு மரம் வைப்பதென்றால் குறைந்த குளிர் போதுமான அன்னா ரகத்தையோ, ஹிமாசலத்தின் ஹரிமன் ஷர்மா உருவாக்கிய எச்.ஆர்.எம்.என்-99 ரகத்தையோ பாருங்கள்.

இந்தியாவில் கிரானி ஸ்மித் விளைகிறதா?

ஹிமாசலத்திலும் காஷ்மீரிலும் கொஞ்சம் உண்டு. அங்கே இதன் முக்கிய வேலை பழம் தருவது அல்ல. டெலிஷியஸ் வகை மரங்கள் தங்கள் மகரந்தத்தால் தாங்களே காய்க்காது, பக்கத்தில் வேறு ரகம் பூத்திருக்க வேண்டும். அந்த மகரந்தத்துக்காகத் தோட்டத்தின் நடுநடுவே நடும் ரகங்களில் கிரானி ஸ்மித்தும் ஒன்று. தமிழ்நாட்டுக் கடைகளில் பெரும்பாலும் இறக்குமதிப் பழம்தான், விலை அதிகமாக இருப்பதும் அதனால்தான்.

மஞ்சள் ஏறிய பழத்தை வாங்கலாமா?

எதற்கு என்பதைப் பொறுத்தது. மஞ்சள் பட்ட பழத்தில் புளிப்புக் குறைந்து இனிப்புத் தெரியும், சதையும் சற்று இளகும். சமைக்காமல் அப்படியே சாப்பிட, புளிப்பு பிடிக்காத குழந்தைகளுக்குக் கொடுக்க அதுவே நல்லது, சில கடைகளில் விலையும் குறைத்துத் தருவார்கள். ஊறுகாய்க்கும் பச்சடிக்கும் நல்ல அடர்பச்சைப் பழமாக, விரலால் அழுத்தினால் துளியும் உள்வாங்காததாக, காம்பைச் சுற்றிச் சுருக்கம் இல்லாததாகப் பார்த்து எடுங்கள்.